பதினாலாம் கலம்

மஞ்சக்குப்பம், இரவு ஒன்பதே கால்.
டெல்லி கேட்ட அட்டவணை விடிவதற்குள் போகவேண்டும்.
பதின்மூன்று கலங்கள் முடிந்தன:
சர்வர் எத்தனை, அவற்றின் வயது என்ன,
கடவுச்சொல்லைக் கடைசியாக மாற்றியது எப்போது.
இப்போதுதான் சார், இதற்காகத்தான்.

பதினாலாவது:
"இவ்வலுவலகத்தின் இணையப் பாதுகாப்பு
நாட்டின் பெருநோக்குகளோடு எவ்விதம் இசைகிறது?
இருநூறு எழுத்துக்கு மிகாமல்."

நாட்டின் நோக்கு என்னவென்று
எனக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

இதே ஊரில் ஒரு காலம்
கோட்டையை விலைக்கு வாங்கினவன்
எல்லை அளக்கச் சங்கிலி கொண்டுவரவில்லை.
பீரங்கியைத் திருப்பித் திருப்பிச் சுட்டான்.
குண்டு விழுந்த இடம்வரை அவனுக்கு.
அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பேர்.
தேவனாம்பட்டினத்தில் இன்று கொஞ்சம் சுவர் மிச்சம்,
அதையும் கெடிலத்துக் காற்று
உப்புப் போட்டுத் தின்கிறது.

போன ஐப்பசியில் எங்கள்மேல் விழுந்ததற்குச்
சத்தமே இல்லை.
எந்தத் திசை என்று இன்றுவரை தெரியாது.
மீன்துறை சர்வர் சிவந்துபோய்ப் பணம் கேட்டது,
கையில் பிடிக்கமுடியாத காசில்.
அதே மத்தியானம் வங்கக் கடலில் புயல் சின்னம்.
ஆயிரத்து எண்ணூறு கைப்பேசிக்குப் போகவேண்டிய செய்தி
பூட்டுக்கு உள்ளே,
நான் வெளியே.

தரணிவேல் லோடு ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு
சோனங்குப்பம், அக்கரைக்கோரி, ராசாப்பேட்டை என்று
கரையெல்லாம் கத்தினான்.
கரையில் இருந்தவர்கள் வயர்லெஸ்ஸில் கத்தினார்கள்.
பதினோரு படகு வந்தது.
பன்னிரண்டாவது மறுநாள் கோடியக்கரைப் பக்கம் ஒதுங்கியது,
நல்லவேளை, ஆட்களோடு.
மைக் வாடகை பில் இன்னும் பாஸாகவில்லை.

விசாரிக்க வந்தவர்கள்
பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்கள்.
நெய்வேலி இருந்தது, சரி.
வங்கி, துறைமுகம், ரயில்.
எங்களுக்கு வரி இல்லை.
நூற்று நாற்பது பக்கக் கொள்கையில்
'கடல்' என்று தேடினேன்.
இரண்டே இடம்,
இரண்டிலும் கேபிள் போகிற வழியாக.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகுகிறது.
தட்டச்சுகிறேன்:

"கடலுக்குப் போனவரிடம் சொல்லவேண்டியதை
உரிய நேரத்தில் சொல்ல
எவனும் எங்களைத் தடுக்கக்கூடாது.
நாட்டின் நோக்கு இதைவிடப் பெரிதென்றால்
தயவுசெய்து தெரிவிக்கவும்."

எண்ணிப் பார்த்தேன், இருநூறுக்குள்தான்.
படிவத்துக்குத் தமிழ் தெரியவில்லை.
எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாக நின்றன,
ஆளில்லாத படகுகளை
மேலிருந்து படம் எடுத்தமாதிரி.

அப்படியே அனுப்பினேன்.
"வெற்றிகரமாகப் பெறப்பட்டது" என்று
உடனே பதில் வந்தது.