மல்பெரி மரத்தடி

நாற்பத்தொன்று என்றார்.
இங்கே இருபத்தைந்துதான், அம்மணி.
எங்கே எழுதியிருக்கிறது என்றேன்.
கை நீட்டினார்.
அந்தக் கை இலைகளைக் காட்டியது.

மிசௌரி வரைபடத்தில்
மடிப்பு விழுந்து கிழிகிற இடத்தில் இருக்கிறது கேடோ ஃபோர்க்.
ஒரு பெட்ரோல் பங்க், இரண்டு தேவாலயம்,
ஒரே ஒரு போலீஸ் கார்.
விடுதிகளின் அழுக்குப் படுக்கைவிரிப்புகளை
வாரத்தில் ஐந்து நாள் இவ்வழியேதான் அள்ளிப்போகிறேன்.
எதிரே வருகிற லாரிகள்
முகப்பு விளக்கை இருமுறை சிமிட்டும்:
மரத்தடியில் இருக்கிறார், பார்த்துப் போ.
அடுத்து எதிர்ப்படுகிறவருக்கு நானும் சிமிட்டுவேன்.
முகம் தெரியாதவர்களோடு எனக்கிருக்கும் ஒரே உறவு.
அன்று யாரும் எதிரே வரவில்லை.

நூற்று எண்பத்தேழு டாலர்.
கட்டித் தொலை என்றான் அண்ணன் வெர்ன்.
அழுதிருக்கலாமே என்றாள் சலவைக்கூடத்து மாக்சீன்.
அவள் மூன்று முறை அழுது தப்பியிருக்கிறாள்,
ஒவ்வொரு முறையும் ஒரு மாமாவைச் சாகடித்து.
எனக்கு அழ வராது.
அளக்க வரும்.

டேப்போடு போனேன்.
பலகைக்கும் சாலைக்கும் நடுவே ஒன்பது கிளை.
ஓட்டுநர் இருக்கையிலிருந்து பதினேழு படம்,
வெயிலில், மழையில், அந்தி மயங்குகையில்.
காற்றடித்த ஒரு படத்தில் மட்டும்
ஐந்தின் தொப்பை தெரிந்தது.
அதையும் சேர்த்தே உறையில் போட்டேன்.
நேர்மை என்று ஒன்று இருக்கிறதே.

நீதிமன்றம் என்பது
தீயணைப்பு நிலையத்தின் பின்கட்டு.
மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மாலை ஆறரை.
நீதிபதி பகலில் வரிக்கணக்கு எழுதுகிறவர்.
எனக்கு முன்னால் சைலன்சர் இல்லாத பைக்கோடு ஒரு பையன்.
அவனுக்கு முன்னால் ஒருவர்,
'நான் நின்றேன், கார்தான் நிற்கவில்லை' என்றார்.

ஹஸ்கின்ஸ், லொரெட்டா.
எழுந்தேன். தொண்டையைச் செருமினேன்.
வேனுக்குள் நாற்பது நாள் ஒத்திகை பார்த்த முதல் வாக்கியம்
நாக்கின் நுனிக்கு வந்து நின்றது.
அதிகாரி ப்ரூயிட் வந்திருக்கிறாரா?
வரவில்லை.
தள்ளுபடி. அடுத்தது.

தும்மல் வருகிற மாதிரி மூக்கெல்லாம் சுருங்கி
வராமலே போகுமே,
அப்படி நின்றேன்.
படங்களையாவது பாருங்கள் என்றேன்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
ஜெயித்துவிட்டீர்கள், அம்மணி. வீட்டுக்குப் போங்கள்.
குமாஸ்தாப் பெண்தான் மனசு கேட்காமல்
உறையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை
வளைவில் திரும்பினால்
வானம் அதிகமாக இருந்தது.
மரம் இல்லை.
வெட்டுவாய் ஈரமாக, வெண்ணெய் நிறத்தில்.
பலகை பளிச்சென்று: இருபத்தைந்து.
யாரோ என் படங்களைப் பார்த்திருக்கிறார்கள்.
நான் வாய் திறக்காமலே
என் வாதத்தை வேரோடு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ப்ரூயிட் அங்கேயேதான் நின்றிருந்தார்.
கண்ணாடியில் செய்தித்தாளைச் செருகி,
கழுத்தைத் துடைத்துக்கொண்டு.
ஜூனில் பழம் விழுந்த ஊதாக் கறை
கார்க் கூரையில் இன்னும் போகவில்லை.
இருபத்துநான்கில் ஊர்ந்தேன்.
தொப்பி விளிம்பைத் தொட்டாரா,
வியர்வையைத் தொட்டாரா, தெரியவில்லை.
அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கலாம்.
வண்டியை நிறுத்தினால்
நானாகப் போய் மாட்டிக்கொண்டதாகிவிடும்.

மேட்டைத் தாண்டியதும் ஒரு கோழி லாரி,
வேகமாக, இறகு பறக்க.
பலகைதான் இப்போது தெரிகிறதே என்று
ஒரு கணம் விரல் தயங்கியது.
பிறகு சிமிட்டினேன், இருமுறை.
ஓட்டுநர் கையை உயர்த்திவிட்டுப் போனார்.
மரத்தடியில் என்றுதான் புரிந்துகொண்டிருப்பார்.
மரத்தடியில் இனி
அடி மட்டும்தான் மிச்சம் என்பதை
விளக்கால் எப்படிச் சொல்வது?