சுண்டுவிரல்

வெளியே மைனஸ் நாற்பத்தாறு.
சந்தையில் என் மீன்கள்
விறைத்து, தலைகீழாக, விறகுபோல் நின்று விலைபோகும்.
ஒவ்வொன்றாய் உருவிக் கொடுத்துக் கொடுத்தே
கை இரும்பாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பழைய கொதிகலன் கூடத்தில் பயிற்சி.
துலுஸ்தான், நான், பேருந்து ஓட்டும் ஆய்தலினா.
மூவருக்கும் ஒரே தண்டு.

நூற்று இருபது கிலோ.
முழங்காலைத் தாண்டும்போது
முதலில் சுண்டுவிரல் தளரும்.
யாரிடமும் கேட்காது.
அதைப் பார்த்து மோதிரவிரல்.
தண்டு உருண்டு நுனிக்கு வந்து
தரை அதிரும்.
முதுகில் இன்னும் பலம் இருக்கும்,
தொடையில் இருக்கும்,
கோபத்தில் எக்கச்சக்கமாய் இருக்கும்.
இந்த ஒரு விரலுக்கு என்ன கேடு?

ஆய்தலினா காதருகே வந்து
பேருந்தை மறிப்பவளைப்போல் கத்துவாள்.
ஏழு கிலோ கூடுதலாய் ஏறும்.
எங்கே இருந்தது அது இத்தனை நேரம்?
யாரோ எனக்குள் பெட்டியைப் பூட்டிவிட்டு
சாவிமேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

துலுஸ்தான் பூட்டை உடைத்தான்.
மணிக்கட்டிலிருந்து தண்டுக்கு
கித்தான் பட்டை, மூன்று சுற்று.
பட்டைக்குப் பயமில்லை.
பட்டைக்கு முதுகும் இல்லை.
இருநூற்றுப் பத்து எழுந்தது,
கூடம் முழுக்க ஒரு நொடி அழகாக இருந்தது,
பிறகு ஒரு சிறு சத்தம்.
ஈர மரக்கிளையை யாரோ மெதுவாக ஒடித்ததுபோல.
விழுந்த பிறகும் தண்டைப் பிடித்திருந்தான்,
பிடிக்காமலேயே.
சுற்றை நான்தான் அவிழ்த்தேன். மூன்று. பிறகு அடுத்த கையில் மூன்று.

எக்ஸ்ரே எடுத்த பெண்
சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்:
தசை எலும்பைத் தொடும் நாணில் ஒரு காவல் உண்டு.
இழுவை மிஞ்சினால்
மூளைக்கு மனு போடாது,
தண்டுவடத்தோடு பேசி முடித்துவிடும்.
அவ்வளவுதான். விடு.
அடுத்த ஆள், என்று கதவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

மார்ச்சில் போட்டி.
நடுவே பலகை, பாதத்துக்கு எதிர்ப் பாதம்,
இரண்டு பேருக்கு ஒரு மரக்குச்சி.
எதிரே வில்யுய்ஸ்கிலிருந்து வந்தவள்.
நகமெல்லாம் வெளுத்திருந்தது இருவருக்கும்.
ஒன்றுக்கு ஒன்று.
மூன்றாவதில் என் தோளுக்குள் எதுவோ நெறித்தது.
பிடி, என்றேன்.
பல்லைக் கடித்து, பிடி, என்றேன்.
சுண்டுவிரல் திறந்தது.

அவள் குச்சியோடு பின்னால் சாய்ந்தாள்.
வென்றவளின் விரல்களைப் பிரிக்க
இன்னொருத்தி வரவேண்டியிருந்தது.

கை விட்டது, என்னைக் கைவிடவில்லை
என்று சொல்லிக்கொள்ளலாம்.
அன்றிரவு சொல்லிக்கொள்ளவில்லை.
ஆய்தலினாவின் பேருந்தில் கடைசி இருக்கையில்
உள்ளங்கையை மடியில் மல்லாத்திப் போட்டு
அதோடு பேசாமல் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை, இரண்டு முக்சூன் மீனோடு
துலுஸ்தானைப் பார்க்கப் போனேன்.
இடுப்பைச் சுற்றிக் கவசம்,
கட்டில் விளிம்பில் நேராக, மிக நேராக.
மீனைப் பார்க்கவில்லை.
என் பட்டை எங்கே, என்றான்.
கூடத்திலேயே போய்விட்டது போல, என்றேன்.

அது என் கோட்டுப் பைக்குள் இருந்தது.
அதன்மேல் கை இருந்தது.
நான்கு விரல்கள் இறுக்கி,
சுண்டுவிரல் மட்டும்
சற்றுத் தள்ளி.