பதினோராம் பக்கம்

நவம்பர் வந்தால் ஆசிரியர்களை எண்ணுவேன்.
ரீகாவில், பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடியில்,
ரேடியேட்டருக்கும் அச்சு இயந்திரத்துக்கும் நடுவே
என் மேசை.
யார் எத்தனை கட்டுரை எழுதினார்,
அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்,
சென்ற ஆண்டைவிட ஏற்றமா இறக்கமா.
எண்ணுவதுதான் என் வேலை.
எண்ணிப் பார்க்க வேறு யாராவது இருப்பார்கள்
என்றுதான் இருந்தேன்.

இங்குனா ப்ரியெட்கல்னே, கணினி அறிவியல்.
கட்டுரைகள் அறுபத்து மூன்று.
அறுபத்திரண்டை ஒரு தட்டிலும்
தொண்ணூற்றெட்டில் வந்த ஒன்றை மறு தட்டிலும் வைத்தால்
அந்த ஒன்று தரையைத் தொடும்:
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்.
வரிசையில் நிற்கும் தரவுப் பொட்டலம்
போனால் போகட்டும் என்றாலும் எவ்வளவு நேரம்தான்
காத்திருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு.
புலத் தலைவர் விருந்துகளில் அந்த எண்ணைச் சொல்லித்தான்
அவரை அறிமுகப்படுத்துவார்.
பேராசிரியை அப்போது கம்பு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

"பதினோராம் பக்கம் தப்பு" என்றார் என்னிடம்,
படிவத்தில் கையெழுத்துப் போட வந்த அன்று,
பூட்ஸில் ஒட்டிய உப்பை மிதியடியில் தேய்த்தபடி,
வெளியே தூறுகிறது என்பதுபோல.

ஒரு குறி திரும்பிவிட்டது.
பெரியதன் பக்கம் திறக்க வேண்டிய வாய்
சிறியதைப் பார்த்துத் திறந்து நிற்கிறது.
அச்சாகி மூன்று வருடம் கழித்து
வால்மியெரா போகும் ரயிலில்
தானே கண்டுபிடித்தார்.
அரைப் பக்கத் திருத்தம் அனுப்பினார். வெளியிட்டார்கள்.
திருத்தத்துக்கு மேற்கோள் மூன்று.
இரண்டு அவருடையவை.

மூன்றாவது?
"இன்னொரு ப்ரியெட்கல்னே இருக்கிறார்,
பைன் மர நோய்களைப் பற்றி எழுதுபவர்.
அவரைத் தேடி வந்து வழி தவறிய யாரோ."

முடிவு நிற்கும், அதில் பயமில்லை;
இரண்டு படி சுற்றிப் போனால் அதே இடம்.
சுற்றிப் போகத்தான் ஆள் வரவில்லை.
மொய் எழுதிவிட்டு
மணமக்களைப் பாராமலே
வாசலோடு திரும்பியவர்கள்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அதன்பின் எந்த ஊர்க் கருத்தரங்கானாலும்
தேநீர் இடைவேளையில் நூலகம் போய்விடுவார்.
பழைய இதழ்க் கட்டுகளில் தொண்ணூற்றெட்டைத் தேடி,
தூசி தட்டி,
பதினோராம் பக்கத்தில்
பென்சிலால் வாயைத் திருப்பி வைப்பார்.
தார்த்து. வில்னியஸ். போஸ்னான்.
லிஸ்பனில் காவலாளி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு
அவர் பெயரைக் கேட்டாராம்.
பக்கத்தின் மேலேயே இருந்தது பெயர்.
அவர் நம்பவில்லை.

ஓர்ஹூஸில், மழை பெய்த ஒரு வியாழக்கிழமை,
விரித்தால்
குறி ஏற்கெனவே திரும்பியிருக்கிறது.
பச்சை மை.
ஓரத்தில் ஒரு வியப்புக்குறிகூட இல்லை,
பெயர் இல்லை, தேதி இல்லை.
தப்பு, சரி செய்தேன், போகிறேன் என்கிற மாதிரி
அழுத்தமாய் இரண்டு கோடு.
மூடும் மணி அடிக்கும்வரை
அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

"என்ன செய்தீர்கள்?"
"பென்சிலைப் பைக்குள் போட்டேன்."

அவர் போய்விட்டார்.
நாலு மணிக்கே இருட்டி
பாலத்தின் மேல் டிராம் மட்டும் வெளிச்சமாய்ப் போனது.
படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம்:
பிற தாக்கம், இருந்தால்.
யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை.
"ஓர்ஹூஸ், பச்சை மை, ஒருவர்" என்று தட்டினேன்.
சிவப்பில் வந்தது: எண் மட்டும் உள்ளிடவும்.

கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்தேன்.
1 என்று உள்ளிட்டேன்.
ஏற்றுக்கொண்டது.