இன்றைய செம்பு விலை

கலாமாவில் காலை ஏழு மணிக்கு
வானொலி முதலில் சொல்வது வானிலை அல்ல.
ஒரு பவுண்டு செம்பு, லண்டனில், இன்றைக்கு இவ்வளவு.
அப்பா தலையாட்டுவார்,
ஏறினாலும் அதே ஆட்டல், இறங்கினாலும் அதே.
பிறகு முந்நூறு டன் லாரியை ஓட்டச்
சுரங்கத்துக்குக் கிளம்புவார்.

அண்ணனின் கையெழுத்து சிறுத்ததை
முதலில் கண்டுபிடித்தது வங்கி.
இது நிபால்டோவின் கையொப்பம் இல்லை என்றார்கள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றது நிபால்டோதான்.
அட்டையில் இருந்த முகமும் அவனுடையதுதான்.
பேனா மட்டும் கோட்டைவிட்டு
எறும்பு வரிசையாய் ஊர்ந்து போனது.
கைநாட்டு வைத்துவிட்டு வந்தான்,
பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன்.

குடி என்றது பேருந்து நிலையம்.
காதல் என்றாள் எதிர்வீட்டு எதுவீனா.
மனநோய் என்று ஒருவர் மாத்திரை எழுதினார்,
அதைத் தின்று இன்னும் விறைத்தான்.
எதற்கென்று இல்லாத ஒரு சிரிப்பு
அவன் முகத்தில் வந்து
போகத் தெரியாமல் நின்றுவிட்டது.

கடைசியில் கண் மருத்துவர்தான்.
அந்தோஃபகாஸ்தாவில் ஓர் இருட்டறை.
மெல்லிய கீற்று வெளிச்சத்தை அவன் கண்ணில் வைத்து
நெடுநேரம் பேசாமல் இருந்தார் ஓயானெதெல்.
பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.
கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப்
பச்சையும் பழுப்புமாய் ஒரு வளையம்,
துலக்காத பாத்திரத்தின் விளிம்பு மாதிரி.
அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.
இன்றைக்கும் கூசுகிறது.

அம்மா சுரங்கத்தைத் திட்டினாள்,
தூசியை, தண்ணீரை, அப்பாவின் சட்டைகளை.
சுரங்கம் இல்லையம்மா என்றார் மருத்துவர்.
உங்களிடமிருந்து பாதி, அவரிடமிருந்து பாதி.
எல்லார் ரொட்டியிலும் கொஞ்சம் செம்பு உண்டு.
மிச்சத்தை ஈரல் வெளியே அனுப்பிவிடும்.
இவனுக்கு அனுப்ப வண்டி இல்லை.

வண்டி என்றதும் அப்பா நிமிர்ந்தார்.
அது ஒன்றுதான் அவருக்குப் புரிந்தது:
ஏற்ற ஆளில்லாத குவியல்,
கிடங்கு வழிந்து, பாதை வழிந்து,
மூளையின் ஆழத்தில்
கை எப்படி நகரலாம் என்று தீர்மானிக்கிற
அந்தச் சின்ன அலுவலகத்துக்குள் சரிந்தது.

எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றார் அப்பா.
கூடாது. அது இல்லாமலும் மூளை ஓடாது.
போன குளிர்காலம் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள்,
செம்பு உள்ளே நுழையவே வழியில்லாமல் பிறந்தது.
தலைமுடி முறுக்கிய கம்பிபோல் ஒடிந்தது.
மருத்துவர் பெயர் சொல்லவில்லை.
அப்புறம் என்ன ஆயிற்று என்றும் சொல்லவில்லை.

தலையெழுத்து என்றாள் அம்மா.
"அதுவும் சிறுத்துப்போச்சு" என்றான் நிபால்டோ, நாக்குக் குழற.
எட்டு மாதத்தில் அவன் சொன்ன முதல் நகைச்சுவை.
புரிய எங்களுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

இருபத்துநாலு மணிநேரச் சிறுநீர்
பழுப்புப் போத்தலில், குளிர்பெட்டியில்,
பீச் பழச்சாற்றுக்குப் பக்கத்தில்.
அப்பா ஒரு நோட்டு வாங்கினார்.
இடப்பக்கம் லண்டன் விலை,
வலப்பக்கம் மகன் வெளியேற்றிய மைக்ரோகிராம்.
எண் பெரிதாக வந்த நாளில்
"நல்ல ஏற்றுமதி" என்று
தனியாக உட்கார்ந்து பியர் குடித்தார்.

கூடப் பிறந்தவர்களுக்கு நாலில் ஒன்று.
எனக்கும் பார்த்தார்கள்.
என் கண்ணில் வளையம் இல்லை, கை நடுங்கவில்லை,
இரத்தம்தான் சொன்னது.
இனிச் சிப்பி இல்லை, சாக்லேட் இல்லை.
வெறும் வயிற்றில், நாளுக்கு மூன்று வேளை, துத்தநாகம்,
உயிர் உள்ளவரை.
குமட்டும். விழுங்குவேன்.

நேற்று நிபால்டோ மறுபடி வங்கிக்குப் போனான்.
பழைய கையொப்பம் இன்னும் வரவில்லை.
புதிதாக ஒன்று பதிந்துகொள்ளச் சொன்னார்கள்.
கட்டத்துக்கு வெளியே சாய்ந்து,
கடைசி எழுத்து பாதியில்.
பரவாயில்லை என்று முத்திரை குத்தினாளாம் அந்தப் பெண்.

நான் தினமும் செய்தித்தாளின் ஓரத்தில்
என் பெயரை எழுதிப் பார்க்கிறேன்.
யெர்க்கா. யெர்க்கா.
நேற்றைய தாளை எடுத்து
இன்றையதன் மேல் வைத்து
வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறேன்.
வானொலி விலை சொல்கிறது.
எனக்குக் காதில் விழவில்லை.