திருகல்

முதல் கன்டெய்னர் மொம்பாசா போய்
நாற்பத்தொரு நாளில் சொஹாருக்கே திரும்பியது.
அலுமினிய ஜன்னல் சட்டங்கள்.
ஆறு மீட்டர் நீளத்தில்
ஒரு விரற்கடை திருகியிருந்தன.
வாங்கியவர் எழுதியிருந்தது ஒரே வரி:
எங்கள் ஊர்ச் சுவர்கள் நேராகத்தான் இருக்கின்றன.

நான் ஏற்றுமதிக் குமாஸ்தா.
சொந்தச் சரக்குக்கே
இறக்குமதிப் படிவம் நிரப்பினேன் அன்று.

அச்சு சரியில்லை என்றார்கள், மாற்றினோம்.
உலோகம் சரியில்லை என்றார்கள், அதையும்.
பிரஸ் விற்ற கம்பெனியின் ஆள்
இத்தாலியிலிருந்து வந்து
கையேட்டில் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டிவிட்டு
மீன் சாப்பிட்டுப் போனார்.
கையேட்டில் ஆகஸ்ட் மாதம் இல்லை.

ஆய்வகத்து ஷம்சா
கழித்துப்போட்ட ஒவ்வொரு துண்டின் மீதும்
மார்க்கரால் மணி எழுதத் தொடங்கினாள்.
யாரும் சொல்லவில்லை அவளிடம்.
ஒரு பள்ளிக்கூட நோட்டு, அட்டையில் பூனை.
மூவாயிரம் துண்டுகள் கழிந்தபின்
கூட்டிப் பார்த்துச் சொன்னாள்:
இதுகளெல்லாம் மதியம் பிறந்தவை.
ஆறவைக்க வேண்டிய விசிறிகள்
நாற்பத்தாறு டிகிரிக் காற்றையல்லவா
ஊதிக்கொண்டிருந்தன.

அதனால்தானே மதியத்தில் மெதுவாகத் தள்ளினேன்
என்றான் பிரஸ்ஸில் நிற்கும் டம்பர்.
மெதுவாகத் தள்ளியதற்கு
அவனுக்கு இரண்டு மெமோ கொடுத்திருந்தோம்.
இரண்டையும் தட்டச்சு செய்தவன் நான்.

பிறகு கழிவு இறங்கியது.
நூற்றுக்கு முப்பத்தொன்று, பத்தொன்பது, பதினொன்று.
படியிறங்குவது போலல்ல;
இருட்டில் சாவிக்கொத்தோடு நிற்பவன்
இதில்லை, இதில்லை என்று
ஒவ்வொன்றாய் ஒதுக்குவதுபோல்.
விலையும் கூடவே இறங்கி
சீனத்து விலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.
கராச்சி கேட்டது. சிட்டகாங் கேட்டது.
மொம்பாசாக்காரர் இந்த முறை
ஒன்றுமே எழுதவில்லை,
ஆர்டர் மட்டும் அனுப்பினார்.

பேக்கிங் லிஸ்ட் அடிக்கிறேன்.
நிகர எடை, மொத்த எடை, பிறப்பிடம்.
வளைந்த மூவாயிரத்துக்குக் கட்டம் கிடையாது.
அவையும்தான் இந்தப் பெட்டியில் போகின்றன என்று
சுங்கத்தில் சொன்னால்
சீல் வைக்க மாட்டான்.

போன வாரம் புதுக் கொட்டகையில்
இரண்டாவது பிரஸ்ஸை ஓட்டினார்கள்.
முதல் நாள் கழிவு இருபத்து நாலு.
ஏழு மட்டும்
நோட்டு வழியாகச் சுவர் தாண்டியிருக்கிறது.
மிச்சத்தை அந்த இரும்பு
தானே கெடுத்துத்தான் படிக்க வேண்டும்.
டம்பருக்கு அக்டோபரில் விசா முடிகிறது.
ஷம்சா இன்னொரு நோட்டு வாங்கியிருக்கிறாள்.
அட்டையில் வாத்து.