பூட்டிய வீட்டின் எண்

நகராட்சி வரைபடத்தில் நாங்கள் இருக்கும் இடம்
வெள்ளையாக இருக்கிறது.
கீழே பொடி எழுத்தில்: காலி மணல்.

அந்த மணலில்தான் சனிக்கிழமை காலை
அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன்,
மறுமுனை கவுனபாவாவிடம்.
விண்டூக் காற்று நடுவில் புகுந்து நாடாவை நெளித்தது.
"இழுத்துப் பிடி,
காற்றுக்கும் சேர்த்துப் பட்டா எழுதிவிடப் போகிறோம்" என்றாள்.

சிவப்புப் பெயிண்ட். ஒரே பிரஷ்.
தகரக் கதவுகளில் ஒன்று, இரண்டு, நாற்பது…
எண் விழுந்த கதவைத் தள்ளி நின்று பார்த்தார்கள்
புதுச் சட்டை போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல்.

நூற்றுப் பதினேழு பூட்டியிருந்தது.
துஹாஃபேனி சுரங்கத்துக்குப் போய் எட்டு மாதம்.
ஆளில்லாத வீட்டை எண்ணாதே என்றது ஒரு பக்கம்;
அங்கே தண்ணீர்க் குழாய் வைக்கலாமாம்.
வெயில் ஏற ஏறப் பேச்சும் ஏறியது.
பழைய கடன், ஒரு ஆடு,
யாரோ யாரையோ சொன்ன சொல்
எல்லாம் வெளியே வந்தன.

கடைசியில் உவாசுவா,
அவனோடு முகம் கொடுத்தே பேசாதவர்,
பிரஷை வாங்கினார்.
பூட்டின் மேல் சொட்டாமல் எழுதினார்: 117.
"வந்து என்னோடு சண்டை போட
அவனுக்கு ஒரு முகவரி வேண்டாமா?"

பிறகு பாதைக்குக் கோடு கிழித்தோம்.
ஆம்புலன்ஸ் திரும்ப எட்டு மீட்டர்.
கோடு என் அடுப்பின் மேல் ஓடியது.
நாடாவைப் பிடித்திருந்ததும் நானே.
ஒரு சாண் தளர்த்தியிருந்தால் தப்பியிருக்கும்.
கவுனபாவா வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தாள்.

இரவு அடுப்பைப் பெயர்த்தோம்.
அடியில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது
காலி மணல்.