பதினேழாம் பொட்டலம்

கடைக்கு வாடகை மூவாயிரத்து ஐந்நூறு.
எட்டு மாதமாய்க் கட்டுகிறேன்,
ஒரு பூட்டைப் பாதுகாக்க.

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின்கள்
இரவெல்லாம் உருள்கின்றன.
இரண்டு மணிக்கு லாரி கிளம்பியாக வேண்டும்,
விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டி.
அப்படியொரு கொட்டகையில் கணக்கு எழுதுகிறேன்.
யாருடைய மூட்டையும் என்னால் ஒருநாளும் தாமதமானதில்லை.
என் ஷட்டர் மட்டும்
மேலே ஏறுவதில்லை.

போர்டுதான் முதலில் தயாரானது:
மண் பரிசோதனை நிலையம்,
உரிமையாளர் தே. வினோலியா, பி.எஸ்சி. வேதியியல்.
எழுத்துக்கு நிழல் கொடுத்தால் எடுப்பாயிருக்கும் என்று
பெயிண்டரிடமே திருப்பி அனுப்பினேன்.
அதில் ஒரு மாதம் கிடைத்தது.
பிறகு மழை. பிறகு கிறிஸ்துமஸ்.
பிறகு உறைபனி.
குளிரில் மீட்டர் சரியாகக் காட்டாதாமே என்று
நானே கேட்டு நானே தலையாட்டினேன்.
வளையலை வைத்து வாங்கிய மீட்டர்
பெட்டிக்குள் தூங்கியது.

ஸ்கூட்டருக்கு எடுத்த எல்.எல்.ஆர்.
இரண்டு முறை காலாவதி.
மூன்றாவது போட்டோவில்
முன்பைவிடத் தீர்மானமான முகம்.

சோம்பல் என்கிறார்கள். இல்லை.
சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான்.
நான் அந்த நேரத்தில்
வீட்டிலுள்ள எல்லா டப்பாவுக்கும் லேபிள் ஒட்டினேன்:
கடுகு, வெந்தயம், எதற்கென்று தெரியாத சாவிகள்.

கடை வரப்போகிறது என்று கேள்விப்பட்டவர்கள்
ஷட்டர் இடுக்கில் பொட்டலம் செருகிப் போனார்கள்.
பால் கவரில், மிக்சர் கவரில்,
ஒருவர் குழந்தையின் சாக்ஸில்.
பெயர், ஊர், போன் நம்பர், என்ன பயிர்.
பொறுக்கி வந்து எண் போட்டுச்
சமையலறை ஜன்னலில் அடுக்கினேன்.
எண் போடுவதில் எனக்குச் சுணக்கமே கிடையாது.

பதினேழு: நஞ்சி, அச்சனக்கல், பூண்டு.

மார்ச்சில் ஒரு காலை
பால் பொங்கக் காத்து நின்றபோது
அந்தக் கவரின் ஓட்டையில் பச்சையாய் ஏதோ.
இரண்டு இலை.
கண்ணாடியில் வழிந்த ஈரமே அதற்குப் போதுமாயிருந்தது.
என் மீட்டருக்கோ சான்றிதழுக்கோ
அந்த மண் காத்திருக்கவில்லை.

வெட்கம் எட்டு மாதமாகவே கூட இருந்தது,
ஓர் அடி நகர்த்தவில்லை என்னை.
அன்று வந்தது சிரிப்பு, கொஞ்சம் ஆத்திரம் கலந்தது.
பால் பொங்கி வழிந்தது. வழியட்டும்.

செடியை டீ கப்புக்கு மாற்றினேன்.
மீதி மண்ணை உலர்த்தி, சலித்து,
காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கி
அரைமணி நேரம் விட்டு
மீட்டரை இறக்கினேன்.
ஐந்து புள்ளி ஒன்று.
வாடகை ரசீதின் பின்பக்கம் எழுதி
படமெடுத்து அனுப்பினேன்.

"யாருங்க இது? பூண்டு போட்டாச்சே."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.
அது மறுபடி அதிர்ந்தது.

"அடுத்த போகத்துக்கு டோலமைட் எவ்வளவு போடணும்?"

அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம்,
லாரி போன பிறகு, படுக்கும் முன்.
ஒரு செவ்வாய் விட்டுப்போனது.
தலைவலி.
பொய், செல்போன்.
புதன்கிழமை இரண்டாய்ச் செய்யக் கை துடித்தது.
செய்யவில்லை.
நேற்றைய கடனை அடைக்கக் கிளம்பினால்
இன்றையதையும் அடகு வைத்துவிடுவாள் இவள்,
எனக்குத் தெரியும்.

இருபத்தாறு முடிந்தது, பதினைந்து பாக்கி.
ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது,
வருகிறவர்கள் குனிந்துதான் வர வேண்டும்.
போர்டு இன்னும் பெயிண்டரிடம், நிழலோடு.
கப்பில் இருப்பது முள்ளங்கி என்கிறாள் நஞ்சி.
களை என்கிறேன் நான்.
பார்க்கலாம்.
அந்தச் சொல்லை இப்போது
அந்தச் செடிக்கு மட்டும்தான் செலவழிக்கிறேன்.

ஸ்கூட்டருக்கும், ஒருவேளை.